முதல் வாய்

அர்ஜுனன் கூரையிலிருந்து விழுந்த அன்று பிள்ளையார்பாளையத்தில் மூன்றாவது நாளாக மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி அடைமழை. தறிக்கு நேர் மேலே இரண்டு ஓடு நகர்ந்து, நீட்டிக் கட்டிய பட்டு நூல் பாவின்மேல் சொட்டுச் சொட்டாக நீர் இறங்க ஆரம்பித்திருந்தது. அரக்குச் சிவப்புப் பாவு. ஈரம் ஏறினால் சாயம் திட்டுத் திட்டாக ஓடிப்போகும். அவன் மனைவி ரேணுகாம்பாள் கோணியை மடித்துப் பாவின்மேல் போட்டுக்கொண்டே, "மழ உடட்டுங்க, அப்பால ஏறலாம்" என்றாள். அவன் அதற்குள் கொல்லைப்பக்கம் ஏணியைச் சாத்திவிட்டான்.

ஓட்டைச் சரியாகத்தான் நகர்த்தினான். சொட்டு நின்றது. இறங்கும்போது பாசியில் கால் வழுக்கி, துணி துவைக்கிற கல்லின்மேல் பிடரி பட விழுந்தான். ஒரு துளி ரத்தம் வரவில்லை. அதனால் ரேணுகாம்பாள் முதலில் பயப்படவும் இல்லை. "எழுந்திருங்க, சேத்துல கெடக்கறீங்களே" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கை ஈரத்துணி மாதிரி வந்தது.

அவன் மழை விழுகிற கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "ஏமே, நீ புடிச்சிக்கினு இருக்கறது என் கையா?" என்று கேட்டான்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டுப் பொங்கலுக்கு முன்னால் அனுப்பினார்கள். "கழுத்துக்குக் கீழ இனிமே ஒண்ணும் வராதும்மா. பேச்சு இருக்கும், நெனவு இருக்கும், பசி இருக்கும். பாத்துக்கோ" என்று அங்கிருந்த டாக்டர் ஒருவர், பொருள்களை எண்ணிக் கொடுக்கிறவர்போலச் சொன்னார்.

இருபத்தொரு வருஷமாக அவன் தறிக்குழியில் இறங்கி நெய்வான். அவள் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளுவாள். ஒரே மகள் ஜெயம்மாளை ஆரணியில் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி அவள்தான் குழியில் இறங்க வேண்டும். வேறு நிறக் கரையை உடலோடு கோத்து நெய்கிற கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் ஒற்றை ஆள் நெய்கிற வெறும் புடவைக்கான பாவாகக் கேட்டு வாங்கிவந்தாள். அவன் கிடந்த கயிற்றுக் கட்டில் தறிக்கு நாலடி தள்ளி இருந்தது. முகம் கூரையைப் பார்த்திருக்கும். காது மட்டும் தறியில்.

"இழ அறுந்துக்குது பாரு."

"எங்க?"

"எடப்பக்கம். நாடா போற சத்தம் வேற மாதிரி கேக்குதே."

பார்த்தால் அறுந்துதான் இருக்கும். இப்படிச் சித்திரை வரைக்கும் ஓடியது. விடிந்ததும் அவனைப் புரட்டித் துடைத்து, மூத்திரக் குழாயைக் கழுவி, கட்டிலில் வாழையிலையை மாற்றிப் போட்டு, கேழ்வரகுக் கூழைக் கரைத்து வாயில் ஊற்றிவிட்டுக் குழியில் இறங்குவாள். ஒரு சாண் நெய்ததும் ஏறி வந்து மறுபடி புரட்டுவாள். அவன் அவளைவிட ஒன்றரை மடங்கு கனம். அவள் இடுப்பு அந்த வருஷமே போய்விட்டது.

சித்திரை வெயிலில் ஒருநாள் அவன், "இன்னா நாத்தம் இது?" என்றான்.

"எலி எங்கியோ செத்துக் கெடக்குது போல."

மூன்று நாள் கழித்து, "எலி நான்தானா?" என்று கேட்டான்.

முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் விழுந்திருந்தது. அவனுக்கு அது வலிக்காது. நாற்றம் மட்டும் தெரியும். வலியெல்லாம் கழுத்திலும் தோளிலும் இருந்தது. அங்கே நாள் முழுக்க நெருப்பைக் கட்டியதுபோல எரியும் என்பான்.

அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டான். "என்னக் கொன்னுடுமே."

அவள் அழுதாள். மறுநாள் கேட்டபோதும் அழுதாள். பிறகு அது 'தண்ணி குடு' என்பதைப்போல ஆகிவிட்டது. கூழ் குடித்ததும் ஒருமுறை, அவள் தறியிலிருந்து ஏறும்போது ஒருமுறை, விளக்கு வைத்ததும் ஒருமுறை. "முடியாதுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கஞ்சியை ஆற்றுவாள்.

அவன் அண்ணன் தர்மன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான். கூட்டுறவுச் சங்கத்தில் புடவை சரிபார்க்கிற வேலை. கட்சிப் படிப்பகத்தில் பேப்பர் ஒரு வரி விடாமல் வாசிக்கிறவன். ஆடி பிறப்பதற்கு முந்தின ஞாயிறு அவனும், இருவருக்கும் மூத்த அக்கா அங்கம்மாளும் சேர்ந்தே வந்திருந்தார்கள்.

"சீமையில இதுக்குன்னு சட்டம் கேட்டுக்கினு இருக்கறாங்களாம்" என்று தர்மன் ஆரம்பித்தான். "கருணைக் கொலைன்னு பேரு. தீராத நோவு, அந்த ஆளே போதும்னு கேட்டா, சாவக் குடுத்துடறதுதான் தர்மம்னு பெரிய பெரிய ஆளுங்க எழுதறாங்க."

கட்டிலிலிருந்து அர்ஜுனன், "யாரு குடுப்பாங்களாம்?" என்றான்.

"டாக்டருங்கதான்."

"இங்க?"

தர்மன் பேப்பரை நாலாக மடித்தான். "இங்க செத்துப்போறேன்னு முயற்சி பண்ணாலே ஜெயிலுபா. குடுத்தவனுக்குத் தூக்கு."

"பேச்சப் பாரு, பேச்ச" என்று அங்கம்மாள் வெற்றிலையை ஒதுக்கினாள். "போன ஜென்மத்துல எவன் கழுத்த நெரிச்சானோ. அது அனுபவிச்சாத்தான் தீரும். பாதியில அறுத்துக்கினு போனா, மிச்சத்துக்கு இன்னொரு வவுத்துல வந்து பொறக்கணும். அப்பவும் இப்பிடியே கெடக்கணும்."

"இவளுக்கு ஒரு ஜென்மக் கத. சும்மா இரு அக்கா."

"நீ சாமி இல்லன்னு சொல்லிக்கினு போ. ஆனா குடுக்கறதுன்னா நீயே குடுத்துடேன், பாப்போம்."

தர்மன் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். கொல்லையில் கைகழுவ வந்தபோது ரேணுகாம்பாள் அவனை நிறுத்தினாள்.

"மாமா, அது சரின்னு சொல்றீங்களா?"

"கொள்கையாப் பாத்தா சரிதாம்மா. மனுசனுக்கு இருக்கறதுக்கு உரிமை இருக்குதுன்னா போறதுக்கும் இருக்கணுமில்ல."

"கொள்கையா இல்லாமப் பாத்தா?"

"அவன் என் தம்பி. தோள்ல தூக்கிக்கினு கருட சேவை காட்டினவன் நானு."

"எனக்கு அவரு யாரு மாமா?"

தர்மன் சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனான். சற்றுப் பொறுத்து அங்கம்மாள் வந்தாள். அவள் குரலைத் தாழ்த்தி, "நான் உள்ள சொன்னது அவன் காதுக்கு. போய்ச் சேந்துட்டா தேவலதான் ரேணுகாம்பா. உன் ஒடம்பப் பாரு, எலும்பெடுத்துப் போச்சு" என்றாள்.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து தரணேந்திர நயினார் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். சமணர், நிலபுலம் உள்ளவர். அர்ஜுனனோடு ஐந்தாவது வரை ஒன்றாகப் படித்தவர். நாலு வருஷத்துக்கு முன் தன் தாயார் சல்லேகனை என்கிற உண்ணாநோன்பு இருந்ததை ஒருமுறை வந்தபோது அவர்தான் அவனிடம் சொன்னார். எண்பது வயதில், உடம்பு இனி நோன்புக்கு ஆகாது என்று தெரிந்ததும் அந்த அம்மாள் எல்லோரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, தானும் மன்னித்து, முதலில் சோற்றை விட்டாள், பிறகு பாலை விட்டாள், பிறகு தண்ணீரையும் விட்டாள். ஊரே வந்து கும்பிட்டுப் போனது.

நயினார் சைக்கிள் தெருமுனை தாண்டவில்லை. "இனிமே எனக்குச் சோறு வேணாம்" என்றான் அர்ஜுனன்.

அன்று முழுதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பகலும் திறக்கவில்லை. ரேணுகாம்பாளும் சாப்பிடவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பூவம்மாள் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"பூவம்மா வூட்டுல கருவாடு வறுக்கறாங்களா?"

"ஆமாங்க."

மூக்கை இழுத்து வாசம் பிடித்தான்.

"நம்ம வூட்டுல இல்லியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஓடிப்போய் இரண்டு துண்டு வாங்கிவந்து சோற்றில் பிசைந்து ஊட்டினாள். அவன் தின்றுகொண்டே அழுதான். "வவுறு கேக்குதுமே. நான் கேக்கல. நம்பு. நான் கேக்கல."

அவள் நம்பினாள்.

அடுத்த தடவை நயினார் வந்தபோது அவரைச் சைக்கிள் அருகே நிறுத்திக் கேட்டாள். "உங்கம்மா செஞ்சது புண்ணியம்னா, இவரு கேக்கறத நான் செஞ்சா மட்டும் ஏன் பாவங்க?"

நயினார் சைக்கிள் ஸ்டாண்டை மறுபடி போட்டார். "எங்கம்மாவுக்கு யாரும் எதுவும் குடுக்கலியேம்மா. அவங்களா உட்டாங்க. அதுலயும் ஒண்ணு இருக்குது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசப்பட்டா அதுவும் கொற. சீக்கிரம் போயிடணும்னு ஆசப்பட்டா அதுவும் கொற. ரெண்டு ஆசையும் போனவங்களுக்குத்தான் அந்த விரதம்."

"இவருக்குப் போற ஆசதான் இருக்குது."

"வலி கேக்குதும்மா. வலி இல்லன்னா இவன் கேப்பானான்னு நமக்குத் தெரியாது."

"வலி போகாதுன்னுட்டாரே டாக்டரு."

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு நயினார் பெடலை மிதித்தார். தீர்ப்புச் சொல்லாமல் போனதற்காக அவர்மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது. பாவம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டர் ஹயக்ரீவன் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வருகிறவர். நெற்றியில் திருமண் காய்ந்து உதிர, புண்ணைத் தானே கழுவிக் கட்டுவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். அவரிடமும் கேட்டுவிட்டாள். "ஊசி ஒண்ணு போட்டுட்டீங்கன்னா..."

அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்தார். "நீங்க கேட்டது என் காதுல விழலைம்மா" என்றார். பிறகு பையிலிருந்து பத்துத் தூக்க மாத்திரை எடுத்துக் காகிதத்தில் மடித்தார். "ராத்திரிக்கு ஒண்ணு. ஒண்ணுக்கு மேல குடுக்கப்படாது." வாசற்படி இறங்கியவர் திரும்பி நின்று, "ஒண்ணுக்கு மேல குடுக்கப்படாது, கேட்டேளா" என்று மறுபடி சொன்னார். அது எச்சரிக்கையா வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கட்டிலில் கிடந்தவன், தனக்குப் பிடிபட்டுவிட்டதாக நினைத்தான்.

"எனக்கு மாத்திர வேணாம். எடுத்து வை" என்றான்.

"தூக்கம் வராதே உங்களுக்கு."

"அப்பால சேத்துத் தூங்கிக்கறேன்."

அவள் அதற்கும் முடியாது என்றுதான் சொன்னாள். அன்று ராத்திரி மாத்திரையை அவன் நாக்கால் தள்ளித் துப்பினான். மறுநாளும் துப்பினான். மூன்றாம் நாள் அவள் கொடுக்கவில்லை. காகிதத்தில் மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். அப்புறம் டாக்டர் வந்தபோதெல்லாம் கொடுத்ததும் அங்கேயே சேர்ந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் அவன் சரியாகத் தூங்கவில்லை. கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருக்கும். தூக்கத்தை விட்டே அவன் கேட்கிறான் என்றால் இது வயிறு பேசுகிற பேச்சல்ல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த ஒரு மாதம்போல அவர்கள் இருவரும் அதற்கு முன் வாழ்ந்ததில்லை. அவன் நல்ல புருஷன்தான். ஆனால் பேசுகிறவனல்ல. இப்போது அவள் நெய்ய நெய்ய அவன் பேசிக்கொண்டிருந்தான். கல்யாணமான மூன்றாம் வருஷம் உப்புக் கூடிப்போனதற்குக் கன்னத்தில் அறைந்ததைச் சொல்லி வருத்தப்பட்டான். அவள் அதை மறந்தே போயிருந்தாள். "நீ கர போடற அழகு யாருக்கும் வராதுமே. சொன்னா மண்டக்கனம் வந்துடும்னு சொல்லல" என்றான். புதுப் பெண்போல அவளுக்கு முகம் சூடாகியது. நாடாவைத் தள்ளியபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜெயம்மாள ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்றான். ஆவணியில் மகள் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு ஆரணிக்குப் பஸ் ஏறினாள். வெள்ளி செவ்வாய் வேண்டாம் என்று, தான் போகிற நாளாகப் புதன்கிழமையை அவனே சொன்னான். களியும் கருவாட்டுக் குழம்பும் கேட்டான்.

புதன்கிழமை மத்தியானம் தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவனைத் துடைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெளுத்த வேட்டி போர்த்தினாள். களியை வயிறு நிறையத் தின்றான். மாத்திரைகளை அம்மியில் பொடித்து, வெல்லம் கரைத்த பாலில் கலக்கினாள். அம்மியடியில் உட்கார்ந்தே அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் அவன் பாதத்தில் நெற்றியை வைத்தாள்.

"கால்ல உழுந்தியா?"

"ம்."

"தெரியல" என்றான். "யாராச்சும் கேட்டா, தூக்கத்துல போயிட்டாருன்னு சொல்லிடு."

"சரிங்க."

இடது கையால் அவன் தலையைத் தூக்கி, வலது கையால் தம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். அவன் தம்ளரைப் பார்த்தான். பிறகு தம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான்.

"கை நடுங்கலியே உனக்கு" என்றான்.

"பால் சிந்திடுமேன்னு கெட்டியாப் புடிச்சிக்கினு இருக்கறேன்."

அவன் உதடுகள் ஒட்டிக்கொண்டன. பல்லைக் கடித்தபடி, மூக்கால் மூச்சு விட்டபடி, தலையை அந்தண்டை திருப்ப முயன்றான். "வேணாம்" என்று பல்லிடுக்கில் வந்தது. "வேணாம் ரேணுகா. வேணாம்."

அவள் தம்ளரை உடனே எடுத்துவிட்டாள். எடுத்த கணத்தில் அவள் உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. மகள் பிறந்தபோதுகூட அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. 'வேணாம்னுட்டாரு, வேணாம்னுட்டாரு' என்று உள்ளே ஒரு குரல் கூத்தாடியது. தம்ளரைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் திரும்பினாள்.

அதற்குள் அவன் கத்தினான். "பூவம்மா! ஓடியா. கொல்றா. என்னக் கொல்றா!"

பூவம்மாளின் தறி நின்றது. அப்புறம் ஒவ்வொரு வீடாகத் தெரு முழுக்கத் தறி நின்றது. பூவம்மாள் உள்ளே வந்தபோது ரேணுகாம்பாள் கையில் தம்ளரோடு நின்றிருந்தாள். அம்மியில் வெள்ளைப்பொடி அப்படியே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் தர்மனும் அங்கம்மாளும் வந்துவிட்டார்கள். அர்ஜுனன் அழுதுகொண்டே சொன்னான். "எனக்குக் குடுக்க வேண்டிய மாத்திரய எடுத்து ஒளிச்சு வச்சிக்கினு இருந்தாண்ணா. அரிசிப் பானயில. ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல, என் கண்ணப் பாரு. இன்னிக்கு அல்லாத்தயும் பால்ல கலக்கி வாயில வச்சுட்டா."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ரேணுகாம்பாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்வையைத் தாழ்த்தவில்லை. கண்ணில் இருந்தது வெறும் பயம். அவன் நடிக்கவில்லை, மறைக்கவில்லை, தான் சொல்வதை முழுக்க நம்புகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவருதான் கேட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

"நோவுல கெடக்கறவன் ஆயிரம் கேப்பான்" என்றாள் அங்கம்மாள். "கேட்டா குடுத்துடுவியா? கட்டினவளா நீ?"

தர்மன் கதவைச் சாத்திவிட்டு, "வெளிய போகப்படாது இது. போலீசு கீலீசுன்னு வந்தா குடும்பமே நாறிடும்" என்றான். சாத்திய கதவுக்கு வெளியே தெருவே நின்றிருந்தது.

என் தம்பிக்கு நான் சோறு போடுகிறேன் என்று அங்கம்மாள் தினம் இரண்டு வேளை தூக்குவாளியோடு வர ஆரம்பித்தாள். ஊட்டிவிட்டுப் போவாள். புரட்டுவதும் துடைப்பதும் புண் கழுவுவதும் ரேணுகாம்பாளுக்குத்தான். அவள் முதுகைக் கழுவும்போது அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான். பதினோரு நாள் இப்படி நடந்தது. அங்கம்மாளுக்கு முழங்கால் வலி. வீட்டில் மருமகள் முணுமுணுப்பு வேறு. பன்னிரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அவள் வரவில்லை. உச்சி சாய்ந்தது. ரேணுகாம்பாள் சோற்றை ரசம் விட்டுக் குழையப் பிசைந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

அவன் கண் தட்டிலேயே இருந்தது. வயிறு இரைவது இருவருக்குமே கேட்டது.

"நீ ஒரு வாய் சாப்புடு மொதல்ல" என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அக்கறையோ என்றுகூட நினைத்தாள். பிறகு புரிந்தது. ஒரு கவளம் எடுத்துத் தின்றாள். அவன் அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தான். ஓடு ஒழுகுகிற சத்தத்தைக் கேட்டபடி கொஞ்சநேரம் காத்திருந்தான். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

அன்றிலிருந்து பதினாலு மாதம், கூழானாலும் காப்பித்தண்ணியானாலும் முதல் வாய் அவளுடையது. அமாவாசைக்கு ஒருபொழுது இருக்கிற நாளிலும் அவள் தின்றுதான் காட்ட வேண்டும். அங்கம்மாள் மறுபடி வரவில்லை. "அவதான் தின்னுட்டுக் குடுக்கறாளே, இனிமே பயமில்ல" என்று எல்லோரிடமும் சொன்னாள். தெருவில் அது ஒரு கேலியாகிவிட்டது. பூவம்மாளின் புருஷன் சோற்றில் உட்காரும்போது, "நீ ஒரு வாய் சாப்புடு மொதல்ல" என்பான். உள்ளே இருக்கிறவர்கள் சிரிக்கிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். அர்ஜுனன் தறியில் இழை அறுந்தால் இப்போது சொல்வதில்லை. கொல்லச் சொல்லிக் கேட்பதும் இல்லை.

ஒரே ஒருமுறை அவள் கேட்டாள். புண் கழுவிக்கொண்டிருந்தாள், அதனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்கதான கேட்டீங்க."

"கேட்டேன்."

"அப்பறம் ஏன்?"

"நீ ஏன் குடுத்த?" என்றான் சுவரைப் பார்த்து. "தெனம் நான் கேப்பேன், நீ அழுதுக்கினே முடியாதும்ப. அந்த முடியாதுங்கறதக் கேட்டுக்கினு நான் பாட்டுக்கு இருந்தேன். நீ சரின்னுட்டியே. அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிது, இந்த வூட்டுல நான் இல்லாட்டியும் ஆவும்னு."

அவள் துணியைப் பிழிந்தாள். "அத முன்னாலயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"எனக்கே தம்ளரு வந்தப்பதானமே தெரிஞ்சிது."

அடுத்த வருஷம் கார்த்திகையில் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் தனித்தனியாகப் போராட வேண்டியிருந்தது. டாக்டர் ஹயக்ரீவன் ஊசி போட்டுப் பார்த்தார். "இனிமே மருந்து கேக்காதும்மா. எத்தனை நாள்னு சொல்றதுக்கில்லை. கஷ்டந்தான்" என்றார். தூங்குவதற்கென்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை அவர் வாசற்படியில் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பகல் அர்ஜுனன் கண்ணாலேயே அவளைக் கூப்பிட்டான். தறியிலிருந்து ஏறி வந்தாள்.

"ரேணுகா." மூச்சு வாங்கினான். "இப்ப நெசமாவே கேக்கறேன்."

அவனுடைய கண்ணில் பயம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. கிணற்றின் அடியில், வாளி தரை தட்டுகிற இடத்துக்குப் போய்விட்டவன் மாதிரி பார்த்தான். அவன் உண்மையாகத்தான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. மாத்திரைக் காகிதம் மாடத்தில் இருந்தது.

"நான் மொதல்ல ஒரு வாய் சாப்புட்டுக் காட்டணுமா?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவள் காதில் விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் அதைத் துடைத்தாள். துடைத்துவிட்டுப் போய்த் தறியில் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவன் மூச்சு இழுக்கிற சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முதலில் வாயால் கேட்டான், பிறகு உதட்டால், பிறகு பார்வையால். அவள் டாக்டர் சொன்னபடி ஒரு மாத்திரைதான் கொடுத்தாள். பஞ்சில் தண்ணீர் தொட்டு நாக்கில் பிழிந்தாள். முதல் சொட்டைத் தன் நாக்கில் விட்டுக்கொண்டாள். அவன் அதைக் கேட்கவில்லை. பழக்கத்தில் செய்தாளா, வேண்டுமென்றே செய்தாளா? பாவத்துக்கு அஞ்சினாளா, தெருவுக்கு அஞ்சினாளா, இல்லை பதினாலு மாதத்தையும் ஒன்பது நாளில் திருப்பிக் கொடுத்தாளா? கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஆறாம் நாள் ஒருமுறை எழுந்து மாடம்வரை போனாள். காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். கை நடுங்கியது. வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பத்தாம் நாள் காலை, குழாயடியில் குடங்கள் வரிசை போட்டிருந்த நேரத்தில் அவன் போனான். பூவம்மாள்தான் முதலில் உள்ளே வந்தாள். பிணத்தைப் பார்ப்பதற்கு முன் அம்மியைப் பார்த்தாள். டாக்டர் வந்து சீட்டு எழுதிக் கொடுத்தார். நயினார் சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டுச் சுடுகாடு வரை நடந்தார். அங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுததில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கருமாதி முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு ரேணுகாம்பாள் கொல்லையில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தர்மன் வந்து பக்கத்தில் நின்றான். அவனுக்கும் வயதாகியிருந்தது.

"மனசுல வச்சிக்கினு கொமையாதம்மா" என்றான். "கடசியில நீ செஞ்சது தப்பு இல்ல. அன்னிக்கு உன்ன நாங்க பேசினதுதான் தப்பு. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. அவன் கெடந்த கெடப்புக்கு நீதான் நல்ல வழி காட்டின."

அவள் கை அண்டாவுக்குள் நின்றது. "நான் ஒண்ணும் செய்யல மாமா."

"தெரியும்மா."

"செய்யல. ஒம்போது நாளு கேட்டாரு. கெஞ்சிக் கேட்டாரு. நான் செய்யல."

தர்மன் பூவம்மாள் வீட்டுச் சுவர்ப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். குனிந்து, குரலை இன்னும் தாழ்த்தினான். அவன் முகத்தில் அத்தனை பரிவு இருந்தது.

"அதாம்மா. அப்படியே சொல்லு" என்றான். "யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு."